பட்டியலில் ஒரு பெயர்: மாதர் சங்கங்களும் பெண்கள் வாக்குரிமையும்

நம் நாட்டில் ஆண்டுதோறும் ஜனவரி 25ஆம் நாள் தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1950ஆம் ஆண்டில் தேர்தல் ஆணையம் அமைக்கப்பெற்ற நாள் அது. 2011 முதல் இவ்விழா நடைபெற்று வருகிறது. அன்று பள்ளிகளில் உறுதிமொழி எடுக்கிறார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தின் முன் கோலம் இடுகிறார்கள். பதாகை ஏந்தி ஊர்வலம் செல்கிறார்கள். இவை யாவும் நல்லவையே. ஆயினும் ஊர்வலம் கலைந்து, கோலம் அழிந்த பின்னர், மணமாகி அவ்வூருக்கு வந்து சேர்ந்த பெண்ணொருத்தியின் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லையென்றால், அவ்விழாவினால் அவளுக்கு விளைந்த பயன் யாது? இக்கேள்வியுடன் இப்பாடத்தைத் தொடங்குகிறோம்.

பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கப்பட்டது என்று நாம் பேச்சுவாக்கில் கூறிவிடுகிறோம். உண்மையில் அது கேட்டுப் பெறப்பட்டது. கேட்டவை மாதர் சங்கங்கள். வாரத்துக்கு ஒருமுறை கூடி, எழுதப் படிக்கக் கற்று, நாட்டு நடப்பைப் பேசி, மனு எழுதிக் கையொப்பமிட்ட சங்கங்கள் அவை. அவ்வரலாற்றைப் படிக்கும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுவதைக் காண்கிறோம். பெண்ணைத் தன் சொந்தப் பெயரால் ஒரு பிரஜையாக ஏற்பதா, அன்றி இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்ற அளவில் நிறுத்திவிடுவதா என்பதே அக்கேள்வி. பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் மாதர் சங்கத்தாரும் இவ்வரலாற்றை அறிந்துகொண்டால், இன்று நம் ஊரில் செய்யவேண்டிய வேலை இன்னது என்பது தானே புலப்படும்.

அடையாற்றில் தொடங்கிய சங்கம்

சென்னை அடையாற்றில் 1917ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் இந்திய மாதர் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. அன்னி பெசன்ட் அம்மையார் அதன் முதல் தலைவர். மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா ஆகிய அம்மையார்களும், அம்மு சுவாமிநாதன் முதலிய நம் நாட்டு மாதரும் அதனை நிறுவியோர் ஆவர். மார்கரெட் கசின்ஸ் அயர்லாந்து நாட்டினர். தம் தாய்நாட்டில் 1908இல் பெண்கள் வாக்குரிமைக்காக ஒரு சங்கம் காண்பதில் பங்குகொண்டவர். அக்கிளர்ச்சியில் சிறை சென்றவர். 1915இல் இந்தியாவுக்கு வந்து, மதனப்பள்ளியில் வாழ்ந்தபோது அங்கும் ஒரு சிறு மாதர் சமாஜத்தை ஏற்படுத்தினார்.

அம்மு சுவாமிநாதனைப் பற்றி நம் கிராமத்துப் பெண்கள் தனியே அறிதல் நலம். அவர் பள்ளிக்கூடத்தில் முறையாகப் பயின்றவர் அல்லர். மிக இளம் பருவத்திலேயே மணம் முடிந்தது. மணத்துக்குப் பின்னரே வீட்டில் ஆங்கிலம் கற்றார். 1917இல் அடையாற்றுச் சங்கத்தில் அமர்ந்த அதே அம்மையார், 1946இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1952இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். சங்கத்தில் தொடங்கிய வழி அரசியலமைப்புச் சட்டத்தை வகுத்த மன்றம்வரை சென்றது என்பதற்கு இவர் வாழ்க்கை சான்றாகும்.

இந்திய மாதர் சங்கத்தின் கிளைகள் பல ஊர்களில் தோன்றின. அவற்றில் நடந்த வேலைகள் மிக எளியவை. பிற்பகல் நேரத்தில், வீட்டு வேலை முடிந்த பின்னர், பெண்கள் கூடினர். தாய்மொழியில் எழுதவும் படிக்கவும் கற்றனர். தையல் கற்றனர். காயம் பட்டவருக்குச் செய்யும் முதலுதவி கற்றனர். 1918 முதல் 'ஸ்திரீ தர்மா' என்னும் பத்திரிகையைச் சங்கம் நடத்தியது. ஆங்கிலத்தோடு தமிழ், தெலுங்கு, இந்தி மொழிகளிலும் அதில் கட்டுரைகள் வெளிவந்தன. அரசியலுக்கும் தையலுக்கும் என்ன தொடர்பு என்று அக்காலத்தில் சிலர் ஐயுற்றிருக்கலாம். தொடர்பு உண்டு. ஒன்றுகூடிப் பழகாத பெண்கள் மனுவில் ஒன்றுகூடிக் கையொப்பம் இடுதல் அரிது. தையல் வகுப்பில் பழகிய பெண்களே பின்னர் மனுவிலும் கையொப்பமிட்டனர்.

கல்வி கேட்கச் சென்று வாக்குரிமை கேட்டது

1917ஆம் ஆண்டு இறுதியில் பிரிட்டிஷ் மந்திரியான மாண்டேகு, அரசியல் சீர்திருத்தம் பற்றி நம் நாட்டார் கருத்தை அறிய இந்தியாவுக்கு வந்தார். பெண்களின் கல்வி பற்றிய கோரிக்கைகளுடன் அவரைக் காண மாதர் சங்கத்தார் அனுமதி கேட்டனர். அரசியல் பற்றிப் பேசுவோர்க்கு மட்டுமே பேட்டி தரப்படும் என்று பதில் வந்தது. வேறொரு சங்கமாயின் அவ்வளவில் நின்றிருக்கும். மார்கரெட் கசின்ஸ் அப்பதிலையே வாய்ப்பாகக் கொண்டார். அரசியல் சீர்திருத்தத்தில் ஆண்களுக்கு அளிக்கும் வாக்குரிமையைப் பெண்களுக்கும் அளிக்கவேண்டும் என்ற கோரிக்கை மனுவில் இடம்பெற்றது. 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு அம்மையார் தலைமையில் மாதர் தூதுக்குழு சென்னையில் மாண்டேகுவையும் வைசிராய் செம்ஸ்போர்டையும் கண்டு அம்மனுவை அளித்தது.

கேட்டவுடன் கிடைத்ததா எனின், இல்லை. 1918இல் வெளிவந்த சீர்திருத்த அறிக்கை பெண்களின் கோரிக்கையைக் குறிப்பிடவே இல்லை. வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழு, இந்நாட்டின் சமுதாய நிலையில் பெண்களுக்கு வாக்கு அளித்தற்குக் காலம் வரவில்லை என்று கருதியது. சங்கங்கள் சோர்ந்து விடவில்லை. ஊர்தோறும் கூட்டங்கள் கூடின, மனுக்கள் சென்றன. 1918இல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாடு பெண்களின் கோரிக்கையை ஆதரித்தது. 1919இல் சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ட், ஹீராபாய் டாடா, அவருடைய மகள் மித்தன் டாடா ஆகியோர் லண்டன் சென்று பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தனர்.

1919ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நடுவழியைக் கண்டது. பெண்களுக்கு நேரே வாக்கு அளிக்காமல், அதைப் பற்றி முடிவு செய்யும் பொறுப்பை அந்தந்த மாகாணச் சட்டசபைக்கே விட்டுவிட்டது. போராட்டம் இவ்வாறு நம் ஊருக்கே திரும்பி வந்தது. நீதிக்கட்சி ஆட்சி நடந்த சென்னை மாகாணச் சட்டசபை 1921ஆம் ஆண்டு ஏப்ரலில் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதனை முதலில் செய்தது சென்னையே. அதே ஆண்டில் பம்பாயும், 1923இல் ஐக்கிய மாகாணமும், 1925இல் வங்காளமும் பின்தொடர்ந்தன.

வாக்கிலிருந்து ஆசனத்துக்கு

வாக்களிக்கும் உரிமை வந்தபோதும் சட்டசபையில் அமரும் உரிமை உடனே வரவில்லை. அதற்கும் சங்கங்கள் கேட்கவேண்டியிருந்தது. 1926இல் அவ்வுரிமை கிட்டியதும் கமலாதேவி சட்டோபாத்தியாயர் மங்களூர்த் தொகுதியில் நின்றார். மார்கரெட் கசின்ஸ் அவருக்காகப் பிரசாரம் செய்தார். மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் அவர் தோற்றார். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை மாதர் சங்கம் முன்மொழிந்தது. சர்க்கார் அவரைச் சென்னைச் சட்டசபைக்கு நியமித்தது. சபை அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அவர் அங்கே வெறுமனே அமர்ந்திருக்கவில்லை. கோயில்களில் சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். அவ்வழக்கத்தை முற்றிலும் தடுக்கும் சட்டம் 1947இல் சென்னையில் நிறைவேறியது. ஒரு பெண் ஆசனத்தில் அமர்வதற்கும், அவள் பின்னே ஒரு சங்கம் நிற்பதற்கும், ஊரில் ஒரு கொடுமை ஒழிவதற்கும் உள்ள தொடர்பை இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

'மனைவி' என்னும் தகுதி

இனி, நாம் முதலில் கூறிய பெயரைப் பற்றிய கேள்விக்கு வருவோம். 1921இல் சென்னைப் பெண்களுக்குக் கிடைத்த வாக்குரிமை ஆண்களுக்கு இருந்த அதே நிபந்தனைகளோடு கூடியது. சொத்து அல்லது வரி செலுத்தும் தகுதி உடையவரே வாக்களிக்கலாம். நிலத்தின் பட்டாவும் வீட்டின் பத்திரமும் யார் பெயரில் இருந்தன என்பதை விவசாயிகளுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. வயலில் நாற்று நட்டவள் பெண். பட்டாவில் இருந்த பெயர் ஆணுடையது. ஆகையால் சட்டம் கதவைத் திறந்தபோதும் அதன் வழியே நுழைய முடிந்த பெண்கள் மிகச் சிலரே.

1931இல் நாட்டின் முக்கிய மாதர் ஸ்தாபனங்கள் ஒன்றுகூடி, வயது வந்த அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டன. 1935ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஏற்கவில்லை. அதற்கு மாறாக, எழுத்தறிவு பெற்ற பெண்களுக்கும், சொத்துத் தகுதி உடைய ஆண்களின் மனைவியர்க்கும் வாக்கு அளித்தது. வாக்காளர் எண்ணிக்கை பெருகியது உண்மையே. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் ருக்மணி லட்சுமிபதி அம்மையார் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுத் துணைச் சபாநாயகரானதும் உண்மையே. வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்து சிறை சென்ற அவர், 1946இல் மந்திரியும் ஆனார். எனினும் அச்சட்டத்தின்படி பெண்கள் பலர் வாக்களித்தது கணவரின் சொத்தைப் பற்றிக்கொண்டுதான். கணவருக்குத் தகுதி இல்லையேல் மனைவிக்கும் வாக்கு இல்லை.

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டமே அக்கயிற்றை அறுத்தது. அதன் 326ஆம் பிரிவு 21 வயது நிறைந்த ஒவ்வொருவர்க்கும் வாக்குரிமை அளித்தது. அவ்வயது 1989 முதல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. சொத்து வேண்டாம், எழுத்தறிவு வேண்டாம், கணவரும் வேண்டாம். வயதும் ஒரு பெயரும் பட்டியலில் இருந்தால் போதும்.

28 லட்சம் பெயர்கள்

ஒரு பெயர் போதும் என்றோம். அந்த ஒன்றே இடர்ப்பாடாயிற்று. முதல் பொதுத் தேர்தலுக்காக வாக்காளர் பட்டியல் எழுதச் சென்றபோது, வடநாட்டில் பல இடங்களில் பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். அன்னிய ஆடவரிடம் தம் பெயரைச் சொல்லுதல் அங்கே வழக்கமன்று. ஆகவே 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்', 'இன்னாரின் மகள்' என்றே பட்டியலில் எழுதப்பட்டது. முதல் தேர்தல் ஆணையராக விளங்கிய சுகுமார் சென் இதனை ஏற்கவில்லை. ஒவ்வொரு பெண்ணும் தன் சொந்தப் பெயரால் பதியப்படவேண்டும் என்று கட்டளையிட்டார். இறுதிவரை பெயர் தராத ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தானம், மத்திய இந்தியப் பகுதிகளைச் சேர்ந்தோர். நாடு முழுதும் அப்போது பதிவான பெண் வாக்காளர் சுமார் 8 கோடி.

இச்செய்தியைக் கேட்டு நம் பகுதியினர் பெருமை கொள்ளவேண்டியதில்லை. கணவர் பெயரை வாயால் சொல்லாமல், பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னாரின் அப்பா என்று குறிப்பால் உணர்த்தும் வழக்கம் நம் வீடுகளிலும் நெடுங்காலம் இருந்தது. முதிய தாய்மாரின் பெயர் பேரப்பிள்ளைகளுக்கே தெரியாத வீடுகளை இன்றும் காணலாம். மணமானதும் பெண்ணின் தலைப்பெழுத்து மாறுகிறது. அதனால் குடும்ப அட்டையில் ஒரு பெயரும், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும், வாக்காளர் அட்டையில் ஒரு பெயரும் ஆகின்றன. 1951இல் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்ட பெண்கள் வாக்குரிமை அற்றவர்கள் அல்லர். உரிமை இருந்தும், பெயர் இல்லாமையால் அதனை இழந்தவர்கள். அவர்களைத் திண்ணையில் அமர்த்தி, பெயரைக் கேட்டு எழுதிக்கொடுக்க ஒரு மாதர் சங்கம் அவ்வூரில் இருந்திருந்தால், பலருடைய பெயர் தப்பியிருக்கும்.

பெற்ற உரிமை போவதும் உண்டு

உரிமை ஒருமுறை கிடைத்தால் என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணுதல் தவறு. இதற்கு நம் அண்டை நாடாகிய இலங்கையில் ஓர் உதாரணம் உண்டு. அங்கே 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. அரசியல் சீர்திருத்தத்துக்காக வந்த டொனமூர் குழுவின் முன் அச்சங்கத்தார் சாட்சியம் அளித்தனர். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று குழுவினர் வினவினர். அவர்களும் பெண்களே, பெண்கள் அனைவர்க்கும் வாக்கு வேண்டும் என்ற பொருள்பட ஆக்னஸ் டி சில்வா அம்மையார் விடையளித்தார். 1931இல் இலங்கையில் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. மறு ஆண்டே நேசம் சரவணமுத்து என்னும் தமிழ் மாது கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரும் வாக்காளராயினர்.

ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழரின் பெரும்பகுதியினரை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கின. அவ்வுரிமை பல ஒப்பந்தங்களாலும் சட்டங்களாலும் சிறிது சிறிதாகத் திரும்பி வருவதற்குப் பல பத்தாண்டுகள் கழிந்தன. கொழுந்து பறித்த கையில் இருந்த வாக்குச் சீட்டு ஒரு சட்டத்தால் பறிபோயிற்று. பட்டியலை ஆண்டுதோறும் காவல் காக்கவேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

வென்ற பின் சங்கத்துக்கு வேலை உண்டா?

உரிமை கிடைத்துவிட்டது, இனிச் சங்கம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இதே கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது. அங்கே பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 1920 ஆகஸ்ட் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு டென்னசி மாநிலத்தின் ஒப்புதல் இன்றியமையாததாயிருந்தது. அம்மாநிலச் சட்டசபையில் ஹாரி பர்ன் என்னும் 24 வயது இளைஞர் எதிர்ப்பாளர் பக்கம் இருந்தார். பண்ணை வீட்டில் வாழ்ந்த அவருடைய தாய், பெண்களுக்கு ஆதரவாக வாக்களிக்குமாறு மகனுக்குக் கடிதம் எழுதினார். மகன் தாய் சொல்லைத் தட்டவில்லை. அவருடைய மனமாற்றத்தால் திருத்தம் நிறைவேறியது.

வெற்றி கைக்கு எட்டும் நிலையில், 1920 பிப்ரவரியிலேயே, அங்குள்ள வாக்குரிமைச் சங்கத்தார் பெண் வாக்காளர் கழகம் என்ற புதிய ஸ்தாபனத்தைத் தொடங்கினர். வாக்குச் சீட்டில் குறியிடுவது எப்படி, பட்டியலில் பெயர் சேர்ப்பது எப்படி, அரசாங்கம் நடப்பது எப்படி என்று புதிய வாக்காளர்களுக்குக் கற்பிப்பதே அதன் பணி. எக்கட்சியையும் எவ்வேட்பாளரையும் அது ஆதரிப்பதும் இல்லை, எதிர்ப்பதும் இல்லை. தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களும் ஆண்களும் 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பலவகைத் தடைகளால் வாக்களிக்க இயலாமல் இருந்தனர். உரிமை ஏட்டில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு என்பதை அமெரிக்க வரலாறும் காட்டுகிறது. ஆகஸ்ட் 26ஆம் நாளை அங்குள்ள மாதர் சங்கங்கள் கொண்டாடும்போது, புதிய வாக்காளர்களைப் பதிவு செய்தலையும் விழாவின் பகுதியாகக் கொள்வதுண்டு. இவ்வழக்கம் நாமும் பின்பற்றத்தக்கது.

நம் ஊரில் பெயர் விடுபடுவது எவ்வாறு?

நம் நாட்டில் 1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஆண்களில் நூற்றுக்கு 63 பேர் வாக்களித்தபோது பெண்களில் நூற்றுக்கு 47 பேரே வாக்களித்தனர். 2019இலும் 2024இலும் பெண்களின் விழுக்காடு ஆண்களினதைச் சற்றே விஞ்சியது. இது பெருமைக்குரிய மாற்றம். ஆனால் இக்கணக்கு பட்டியலில் பெயர் உள்ளவர்களைப் பற்றியதே. பட்டியலுக்கு வெளியே நிற்பவள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அவள் வெளியே நிற்பதற்கு நம் திருமண வழக்கம் ஒரு காரணம். பெண் பிறந்த ஊரில் 18 வயதில் வாக்காளராகிறாள். பின்னர் மணமாகிப் புகுந்த ஊருக்குச் செல்கிறாள். பெயர் பிறந்த ஊரிலேயே தங்கிவிடுகிறது. தேர்தலன்று கைக்குழந்தையுடன் பேருந்து ஏறித் தாய்வீடு செல்ல இயலுவதில்லை. சில ஆண்டுகளில், குடிபெயர்ந்தவள் என்று அங்கும் பெயர் நீக்கப்படுகிறது. ஆணுக்கு இவ்விடர் பெரும்பாலும் இல்லை. அவன் பிறந்த ஊரிலேயே வாழ்கிறான்.

இதன் விளைவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தலோடு நிற்பதன்று. அரசியலமைப்புச் சட்டத்தின்படி, ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களைக் கொண்டதே கிராம சபை. பெயர் இல்லாதவள் கிராம சபை அங்கத்தினர் அல்லள். குடிநீர்க் குழாய் எத்தெருவில் வேண்டும், வீட்டு வசதித் திட்டத்தில் பயனாளி யார் என்று சபை ஆராயும்போது அவளுக்குச் சட்டப்படி குரல் இல்லை. பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பதற்கும் அப்பட்டியலில் பெயர் வேண்டும். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதனைப் பாதியாக உயர்த்தியது. பாதி ஆசனங்கள் காத்திருக்க, அவற்றில் அமரத் தக்க பெண் பட்டியலிலேயே இல்லையெனில் ஒதுக்கீட்டால் ஆவது என்ன?

ஒரு வார்டில் 300 வாக்காளர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் புகுந்த பெண்கள் 15 பேரின் பெயர் விடுபட்டிருக்கிறது. 10 வாக்கு வேறுபாட்டில் முடிவு தீரும் வார்டுத் தேர்தலில் இந்த 15 பேர் சிறு தொகை அல்லர்.

மாதர் சங்கம் செய்யத்தக்கவை

1952இல் சமுதாய நலத் திட்டம் தொடங்கிய காலந்தொட்டு நம் கிராமங்களில் மாதர் சங்கங்கள் உண்டு. இன்று மகளிர் சுய உதவிக் குழுக்கள் பெரும்பாலான ஊர்களில் இயங்குகின்றன. கூட்டமும் தீர்மானப் புத்தகமும் கையொப்பமும் அவற்றுக்குப் பழக்கமானவை. ஆகவே கீழ்க்காணும் வேலைகள் அவற்றுக்குக் கடினமல்ல.

1. தெருவுக்கு இரு பெண்களைப் பொறுப்பாக்குக. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் உள்ள பட்டியலைக் கொண்டு வீடு வீடாகச் சென்று சரிபார்க்க. ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் அவள் வாயாலேயே சொல்லச் செய்து குறித்துக்கொள்க.

2. புதிதாகச் சேர்பவர்க்குப் படிவம் 6. குடிமாறியவர்க்கும் பெயர், வயது, முகவரி திருத்துவோர்க்கும் படிவம் 8. இறந்தோர் பெயரை நீக்கப் படிவம் 7. மணமாகி வந்த பெண்ணின் பெயர் பிறந்த ஊரில் இன்னும் இருந்தால் அவளுக்கு வேண்டியது படிவம் 8. அங்கே பெயர் நீக்கப்பட்டுவிட்டதாயின் படிவம் 6. ஒருவர் பெயர் ஈரிடத்தில் இருத்தல் கூடாது.

3. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளையும் தகுதி நாளாகக் கொள்ளும் முறை 2022இல் வந்தது. 17 வயது நிறைந்த பெண்கள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். பள்ளியிறுதி வகுப்புப் பெண்களின் பட்டியலைச் சங்கம் வைத்துக்கொள்க.

4. உறவினர் பெயர் கேட்கும் இடத்தில் கணவர் பெயரையே எழுதவேண்டும் என்பதில்லை. தந்தை அல்லது தாயின் பெயரையும் தரலாம். தனித்து வாழும் பெண்களுக்கு இதனை எடுத்துரைக்க.

5. கிராம சபைக்கு முந்தைய வாரம் சங்கம் கூடுக. பஞ்சாயத்தின் வரவு செலவுக் கணக்கை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்க. சபையில் கேட்கவேண்டிய வினாக்களை எழுதிக்கொள்க. தனித்து ஒருத்தி எழுந்து பேச அஞ்சுவாள். பத்துப் பேர் சேர்ந்து சென்றால் அச்சம் அகலும்.

6. சங்கத்தின் கூட்டத்தில் கட்சி வேறுபாட்டை நுழைய விடற்க. யாருக்கு வாக்களிப்பது என்பது அவரவர் மனத்துக்கே உரியது. வாக்கு இரகசியமானது, அதனைச் சட்டம் காக்கிறது. கணவரிடமும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. பணமும் பரிசும் பெற்று வாக்களித்தல், 28 லட்சம் பேர் இழந்த உரிமையை நாமே விற்பதாகும்.

பஞ்சாயத்து அங்கத்தினர் கடமை

ஆண் அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை கூற விரும்புகிறோம். சில ஊர்களில் பெண் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னரும், அவருடைய கணவரே நாற்காலியில் அமர்ந்து பேசுகிறார். தலைவர் கையொப்பம் மட்டும் இடுகிறார். 'இன்னாரின் மனைவி' என்ற பழைய பதிவு இங்கே வேறொரு வடிவில் மீண்டும் எழுதப்படுகிறது. வாக்காளர் தேர்ந்தெடுத்தது அப்பெண்ணின் பெயரை. அவர் பேசட்டும், தவறினால் திருத்திக்கொள்ளட்டும். முதல் கூட்டத்தில் தடுமாறாத ஆண் தலைவர் எத்தனை பேர்?

கிராம சபை கூடும் நேரத்தைப் பெண்கள் வரத்தக்க நேரமாக அமைத்தலும், அவர்கள் முன்வரிசையில் அமர இடம் செய்தலும், மாதர் சங்கம் கொடுக்கும் மனுவைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுதலும் பஞ்சாயத்தின் கடமைகள். வீட்டில் மருமகளின் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது மாமனாரின் கடமை. விதை நெல்லுக்கும் உரத்துக்கும் பருவம் பார்ப்பது போல இதற்கும் பருவம் பார்த்தல் வேண்டும்.

அடுத்த வாக்காளர் தினத்தில் கோலமும் ஊர்வலமும் நடக்கட்டும். அவற்றோடு, அவ்வாண்டில் புதிதாகப் பட்டியலில் சேர்ந்த பெண்களின் பெயரை ஒவ்வொன்றாக உரக்கப் படித்து, அவர்களை எழுந்து நிற்கச் செய்து சபையார் வாழ்த்துவார்களாக. 1951இல் தம் பெயரைச் சொல்ல நாணிய தாய்மார்க்கு நாம் செய்யும் மரியாதை அதுவேயாகும்.

கூடிப் பேச வினாக்கள்

1. நம் ஊரில் சென்ற மூன்றாண்டுகளில் மணமாகி வந்த பெண்கள் எத்தனை பேர்? அவர்களுள் பட்டியலில் பெயர் உள்ளவர் எத்தனை பேர்?

2. 1917இல் சர்க்காரின் மறுப்பை மாதர் சங்கம் எவ்வாறு வாய்ப்பாக மாற்றிக்கொண்டது? நம் மனு ஒன்று திருப்பப்பட்டால் நாம் என்ன செய்கிறோம்?

3. 1935ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அரசியலமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவுக்கும் உள்ள வேறுபாடு யாது?

4. சென்ற கிராம சபையில் பெண்கள் எத்தனை பேர் வந்தனர்? எத்தனை பேர் பேசினர்?

5. நம் ஊரில் நிலப் பட்டா பெண் பெயரில் உள்ள குடும்பங்கள் எத்தனை?